மார்கழியில் டிப்பரைப் பிரித்துப் போட்ட நான்கு நாட்கள்

போன வருடம் தை மாதம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் டிப்பரில் நெல் ஏற்றிப் போகும்போது பின்னாலிருந்து கருகல் வாடை வந்தது. மன்னார்குடிக்கு முன்னால், பாமணி ஆற்றுப் பாலம் ஏறுவதற்குள் வண்டியை ஓரம் கட்டினேன். டிப்பரின் இடது சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பின் மூடியில் எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்று ஆவியாகிறது. பேரிங் போய்விட்டது. இன்னும் 2 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சக்கரமே கழன்று எதிரில் வந்த யார் மேலாவது போயிருக்கும். அன்றைக்கு நெல்லை வேறு வண்டிக்கு மாற்றி, சாலையோரத்திலேயே புது பேரிங் போட்டு, மீதி அறுவடையை ஓட்டிவிட்டோம்.

அந்த வாடை மனதிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் டிராக்டருக்கு மணிக்கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுகிறோம், வடிகட்டி மாற்றுகிறோம், ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். பின்னால் வரும் டிப்பரோ வேலை முடிந்ததும் வேப்பமரத்தடியில் கழற்றி விடப்படும். அடுத்த அறுவடைக்கு அப்படியே மாட்டி இழுப்போம். 2011இல் பாடி கட்டும் பட்டறையில் செய்து வாங்கிய வண்டி. அதற்குப் பிறகு அதன் அடியில் யாரும் படுத்துப் பார்த்ததே இல்லை. இந்த மார்கழியில், சம்பா கதிர் முற்றுவதற்குள், முழுதாகப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று சித்தப்பாவும் நானும் முடிவு செய்தோம்.

முதல் நாள்: சக்கரம்

வேலையை நெல் காய வைக்கும் சிமெண்ட் களத்தில் வைத்துக்கொண்டோம். மண் தரையில் ஜாக்கி போட்டால் மெல்ல மெல்ல இறங்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சக்கர டிப்பரை டிராக்டரிலிருந்து கழற்றாமலே தூக்குவது நல்லது. தனியாக நின்றால் முன்னும் பின்னும் சாய்ந்துவிடும். டிராக்டரை கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தரையில் நிற்கும் மற்ற டிப்பர் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் அண்டை கொடுத்தோம். சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முழு பலத்தோடு இழுத்தால் வண்டியே ஜாக்கியிலிருந்து நகர்ந்துவிடும்.

ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில், வில்லுப் பட்டை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். தூக்கியதும் புளிய மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆக்சிலை அதன் மேல் இறக்கினோம். ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் இரண்டையும் இதற்குத் தொடவே கூடாது. ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் உடைந்து தூளாகும்.

சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டேன். வலது பக்கம் அமைதி. இடது பக்கம், போன வருடம்தான் புது பேரிங் போட்ட பக்கம், அம்மியில் எதையோ அரைக்கிற மாதிரி கரகரத்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று ஆட்டம். ஒரு வருடத்துக்குள் எப்படி?

மூடியைத் தட்டி எடுத்து, நட்டு சுழலாமல் பூட்டுகிற கோட்டர் பின்னை நீக்கி, நட்டைக் கழற்றினதும் பதில் கிடைத்தது. கிரீஸ் பழுப்பாக இல்லை, வெண்மையாக, ஆடை கலந்த மோர் மாதிரி இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது, உருளைகள் ஓடுகிற, ஹப்பில் பதிந்த கப்பின் உள் பக்கத்தில் அம்மைத் தழும்பு போலச் சிறு சிறு குழிகள். தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்க வேண்டிய, உள் பக்கம் இருக்கிற ஆயில் சீலை எடுத்துப் பார்த்தேன். அது பழைய சீல்! போன வருடம் அவசரத்தில் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, காய்ந்து உதடு கிழிந்த பழைய சீலையே திரும்ப மாட்டியிருக்கிறோம்.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை பட்டறை அண்ணன் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. "தம்பி, ரோட்டுல பாரத்தோட ஓடி ஹப் சூடா இருக்கும். உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நிக்கும். அந்தச் சூட்டோட நேரா வாய்க்கால்ல இறக்கினா, ஹப் சட்டுனு குளிர்ந்து உள்ள காத்து சுருங்கும். அது வெளியில இருக்கிற தண்ணியை உறிஞ்சி இழுக்கும். சீல் நல்லா இல்லேன்னா அத்தனையும் உள்ளதான்." நாங்கள் தினமும் செய்தது அதுவேதான். கொள்முதல் நிலையத்திலிருந்து திரும்பிய வேகத்தில் வாய்க்காலுக்குள் இறக்கி வயலுக்குப் போவோம், சில நாள் கழுவுவதற்கென்றே தண்ணீரில் நிறுத்துவோம். இனிமேல் அரை மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் தண்ணீர் என்று வைத்திருக்கிறோம்.

பேரிங் மாற்றும்போது உருளை இருக்கிற கோனை மட்டும் மாற்றி, ஹப்பில் பதிந்திருக்கும் கப்பை விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பை ஹப்பின் பின் பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பி வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுத்தோம். புதியதை உட்கார வைக்க அண்ணன் ஒரு வழி சொன்னார். பழைய கப்பின் வெளிப்புறத்தை கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கி, அதைப் புதுக் கப்பின் மேல் வைத்துத் தட்டினால் நேராக இறங்கும், புதியதன் மேல் சுத்தியல் படாது. கடைசி வரை உட்கார்ந்ததும் தட்டும் சத்தமே மாறி, கெட்டியாகக் கேட்கும். உளியால் நேரடியாக அடித்துச் சில்லு தெறித்துக் கண் போனவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

ஹப்பையும் ஆக்சில் முனையையும் டீசலில் கழுவி, துணியால் துடைத்து, முழுதாகக் காயவிட்டோம். பழைய கிரீஸ் துளிகூட இருக்கக் கூடாது. வேறு வேறு வகைக் கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகி ஓடிவிடும். சீல் உரசும் இடத்தில் ஆக்சிலில் லேசான கோடு விழுந்திருந்தது. நைஸ் உப்புத்தாள் போட்டு, நகம் தடுக்காத அளவுக்குத் தேய்த்தேன். அது சொரசொரப்பாக இருந்தால் புது சீலும் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும்.

கிரீஸ் அடைப்பதைக் கையால்தான் செய்ய வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழ அளவு, பேரிங்குக்கான ஏபி-3 கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளுக்கு நடுவில் புகுந்து மறுபக்கம் பிதுங்கி வந்தால்தான் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே பூசினால் போதாது. அதே நேரம் ஹப்பின் உள் வயிற்றை முழுக்க அடைக்கவும் கூடாது. சுற்றும்போது கிரீஸுக்கு விரிய இடம் இல்லாமல் சூடேறி, சீலைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பாதிக்குக் கீழேயே நிறுத்தினோம். சீலின் உதட்டிலும் கொஞ்சம் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே பார்க்கும்படி நேராக இறக்கினோம்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது நட்டு முறுக்குவது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஸ்பானரால் இறுக்க வேண்டும், சக்கரம் கனத்துச் சுற்றும் வரை. அப்போதுதான் பேரிங் தன் இடத்தில் உட்காரும். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, இந்த முறை விரலால் மட்டும் இறுக்கி, கோட்டர் பின் ஓட்டை நேராக வருகிறதா பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் பின்னோக்கித் தளர்த்தித்தான் நேர் செய்ய வேண்டும், ஒரு பல்கூட முன்னால் இறுக்கக் கூடாது. ஆட்டம் இருக்கவே கூடாது என்று பலத்தோடு முறுக்கித்தான் நிறைய பேர் பேரிங்கைக் கொல்கிறார்கள். கை வைத்தால் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவு ஆட்டம் இருந்தால் சரி. கோட்டர் பின் எப்போதும் புதியது. ஒரு முறை மடித்து நிமிர்த்திய கம்பியைத் திரும்ப மாட்டுவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

வலது பக்கத்தில் குறை தெரியவில்லை. ஆனாலும் பிரித்து, கழுவி, சீலை மாற்றினோம். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

இரண்டாம் நாள்: வளையமும் பின்னும்

டிராக்டருக்கும் டிப்பருக்கும் நடுவில் இருக்கிற உறவு ஒரு வளையமும் ஒரு பின்னும்தான். நாங்கள் போட்டிருந்த பின்னை எடுத்துப் பார்த்தால், அது பின்னே இல்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய முறுக்குக் கம்பியில் அரை அடி வெட்டி, தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்தது. ஓட்டையின் அளவுக்குச் சிறியது. அதனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் முன்னும் பின்னும் மோதி, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. கீழே லாக் பின்னும் இல்லை. பள்ளத்தில் ஒரு துள்ளு துள்ளினால் மேலே எழும்பி வெளியே வந்துவிடும். இத்தனை வருடம் இதை நம்பித்தான் கடைத்தெருவுக்குள் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

வளையத்தின் உள் விளிம்பை வெர்னியரில் அளந்தேன். தேயாத பக்கம் 32 மில்லிமீட்டர், பின் உரசும் பக்கம் 23. சித்தப்பா, "தேஞ்ச இடத்துல வெல்டிங் வச்சு நிரப்பிடலாமே" என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்ந்த இரும்பின் மேல் வைக்கும் வெல்டு பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஓரத்தில் முடி போல விரிசல் விட்டு ஒரு நாள் மொத்தமாக முறியும் என்றார். வளையத்தையே வெட்டி எடுத்துவிட்டு, அடித்துச் செய்த புது வளையத்தை இரண்டு பக்கமும் ‘வி’ வடிவில் வெட்டி, பல அடுக்காக வெல்டு வைத்தார். இது தெரிந்தவர் கையால்தான் நடக்க வேண்டும். ஜன்னல் கம்பி வெல்டு வைக்கிறவரிடம் கொடுக்கிற வேலை இல்லை.

வெல்டிங்கில் இன்னொன்று. எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சக்கரத்தில் எங்காவது மாட்டிவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் கருக்கிவிடும். நேற்று போட்ட பேரிங் இன்றைக்கே போயிருக்கும். டிப்பரை டிராக்டரிலிருந்து பிரித்து, முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்த பிறகுதான் வெல்டிங் தொடங்கினோம்.

ஓட்டைக்குச் சரியான பருமனில் புது பின் வாங்கி, கீழே லாக் பின் போட்டோம். கூடவே இரண்டு பாதுகாப்புச் சங்கிலி. இவற்றை இழுவைச் சட்டத்துக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போட வேண்டும். பின் கழன்றாலும் சட்டத்தின் மூக்கு தரையில் குத்தாமல், அந்தக் குறுக்கில் தொட்டில் மாதிரி விழுந்து நிற்கும். திரும்புவதற்குப் போதுமான தொய்வு வேண்டும், தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

சேறு அதிகமான வயலில் பிடிப்பு கிடைக்கும் என்று சிலர் வளையத்தை டிராக்டரில் உயரமான இடத்தில், டாப் லிங்க் மாட்டும் பக்கம் கட்டி இழுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பின் அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் முன் சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். அது நடக்க ஒன்றிரண்டு விநாடி போதும், கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

மூன்றாம் நாள்: பட்டை, டயர், பாரம்

வில்லுப் பட்டையில் இடது பக்கம் மூன்றாவது பிளேட்டு நடுவில் முறிந்திருந்தது, சென்டர் போல்ட் ஓட்டை வழியாகவே. பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்ததுதான் காரணம். அது இறுக்கமாக இருக்கும் வரை நடுப்பகுதி வளைவதில்லை. தளர்ந்தால் ஓட்டை இருக்கிற பலவீனமான இடத்திலேயே பட்டை வளைந்து வளைந்து முறிகிறது. ஒரு பிளேட்டும் நான்கு யூ போல்ட்டும் மாற்றினோம். பட்டை முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள் பின்களில் இருந்த, கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் மண் அடைத்துக் கல்லாகியிருந்தன. இரண்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, பழைய கருப்பு வெளியே வந்து புதுக் கிரீஸ் தெரியும் வரை அடித்தேன்.

டயர் 9.00-16. பட்டன் பாதிக்கு மேல் இருந்தது, அதனால் நல்ல டயர் என்றே நினைத்திருந்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் இடது டயரில் 0914. அதாவது 2014ஆம் வருடத்தின் 9ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் கிடந்து பக்கச் சுவர் முழுக்க வறண்ட ஏரி மண் மாதிரி வெடித்திருந்தது. வருடத்தில் கொஞ்ச நாள் ஓடும் டிப்பருக்கு டயர் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகிறது. இரண்டையும் மாற்றினோம். காற்று அடிப்பதையும் டயர் கடையிலேயே விட்டேன். லாக் வளையம் போட்ட ரிம்மாக இருந்தால் அந்த வளையம் தெறித்துத் தலையைக் கொண்டுபோகும். கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று அடிக்கிற கடையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு மாலை டிப்பரின் ஆர்சியை (பதிவுச் சான்று) எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டிப்பருக்குத் தனிப் பதிவு உண்டு. வெற்று எடையும் மொத்த எடையும் அதில் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எங்கள் வண்டிக்கு வருவது 3 டன். கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. அப்படியானால் 75 சிப்பம். நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்தது 100, அதாவது 4 டன். பேரிங், பட்டை, வளையம் மூன்றும் ஏன் ஒரே வண்டியில் போயின என்பது அந்த வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. நடை ஒன்று கூடும், டீசல் கூடும். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "75தான், முடிஞ்சுது" என்றார்.

அடுக்குவதிலும் கவனம் வேண்டும். பாரம் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தள்ளி இருக்க வேண்டும். பின்னால் கனம் அதிகமானால் வளையம் டிராக்டரின் பின் பக்கத்தை மேலே தூக்கும், டிராக்டர் சக்கரத்துக்குத் தரைப் பிடிப்பு குறையும், பிரேக் பிடித்தால் வழுக்கும். இறக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. முன் பக்கச் சிப்பங்களை முதலில் தூக்கிவிட்டால், தனியாகக் கழற்றி நிறுத்திய டிப்பர் பின்னால் குப்புற விழும்.

நான்காம் நாள்: ஹைட்ராலிக், விளக்கு

பெட்டியைத் தூக்கும் ஜாக்கிக்கு எண்ணெய் போகிற ரப்பர் குழாயான ஓஸில் கசிவு. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஊசி முனை ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்த இடம் ஓஸின் பிரஸ் செய்த முனை. ஓஸையே மாற்றிவிட்டோம்.

தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டு இல்லாமல் யாரும் தலை நீட்டக் கூடாது, கிரீஸ் அடிக்க ஒரு நிமிடம்தான் என்றாலும். ஓஸ் வெடித்தாலோ யாராவது லிவரைத் தட்டிவிட்டாலோ பெட்டி அப்படியே விழும். சி சானலில் இரண்டு முட்டுக் கால் செய்து, சேசிஸிலேயே கீல் வைத்து மாட்டியிருக்கிறோம். தனியாக ஒரு கட்டை வைத்தால் தேடும்போது கிடைக்காது, கிடைக்காவிட்டால் யாரும் வைக்க மாட்டார்கள். முட்டு என்பது வெறும் பெட்டிக்கு மட்டும், பாரத்தோடு இருக்கும்போது அல்ல. அப்புறம், பெட்டியைத் தூக்கும் முன் தலைக்கு மேலே பாருங்கள். எங்கள் பக்கம் வயலுக்குப் போகிற மின்கம்பிகள் பல இடத்தில் தாழத் தொங்குகின்றன. தூக்கிய பெட்டி கம்பியைத் தொட்டால் டிராக்டர் முழுவதும் மின்சாரம்.

விளக்கு பல வருடமாக எரியவில்லை. பல்பு நன்றாகவே இருந்தது, எர்த்துதான் இல்லை. டிப்பரின் எர்த்தை, வளையமும் பின்னும் வழியாக டிராக்டருக்குப் போகும்படி விட்டிருந்தார்கள். கிரீஸும் துருவும் நடுவில் இருக்கும்போது அது எப்படிப் போகும்? 7 பின் சாக்கெட் போட்டு எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்தேன். பின் கதவின் அகலம் முழுக்க சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. வைக்கோல் ஏற்றினால் கட்டுகள் பின்னால் தொங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பலகை ஒன்றைத் தனியாகச் செய்து, வைக்கோலின் கடைசியில் கட்டித் தொங்கவிடுகிறேன். தை மாதப் பனியில் விடியற்காலை பைக்கில் வருகிற பால்காரரின் கண்ணுக்கு அந்தப் பலகை ஒன்றுதான் தெரியும்.

எங்கள் டிப்பருக்குத் தனி பிரேக் கிடையாது. நிறுத்துவது முழுக்க டிராக்டரின் வேலை. வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் சாலையேறும் முன் கொண்டி போட்டு ஒன்றாக்க வேண்டும். மறந்து ஒரு பக்கம் மட்டும் மிதித்தால், பின்னால் தள்ளும் 3 டன் டிராக்டரைக் குறுக்கே மடக்கிவிடும். பாலத்து இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம். ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குவேன்.

முதல் நடை

தை பிறந்து 8ஆம் நாள், 75 சிப்பம். 5 கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு ஹப்பிலும் கை வைத்துப் பார்த்தேன். வலது வெதுவெதுப்பு. இடது அதைவிடக் கொஞ்சம் கூடுதல், கையை வைத்திருக்க முடிந்தது, ஆனாலும் கூடுதல்தான். மூடியைக் கழற்றி, நட்டை ஒரு பல் தளர்த்தி, டப்பாவில் கொண்டுவந்திருந்த புதுக் கோட்டர் பின்னைப் போட்டேன். சக்கர நட்டுகளையும் யூ போல்ட்களையும் குறுக்கு முறையில் ஒரு சுற்று முறுக்கிப் பார்த்தபோது, இடது பக்கம் இரண்டு நட்டு கால் சுற்று போனது. புதிதாகப் போட்டவை முதல் பாரத்தில் உட்காரும், அதனால் 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

பாமணி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், போன வருடம் நின்ற அதே இடத்தில், மறுபடி நிறுத்தினேன். சித்தப்பா இறங்கி இடது ஹப்பைத் தொட்டார், சுற்றிப் போய் வலதைத் தொட்டார், திரும்பி வந்து மறுபடியும் இடதைத் தொட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, எடு வண்டிய" என்றார்.